பெக்வேயா, பொனேரா, டேர்-டு-ஓவா: பிப்ரவரியில் பத்து நாள் எந்தத் தீவில் கிடப்பது?

டிசம்பர் பனி அழகாகத்தான் இருக்கும். ஜனவரியும் எப்படியோ ஓடிவிடும். பிப்ரவரி வந்து, கனடாவில் டொராண்டோவை ஒட்டிய எங்கள் மிசிசாகாவில் விடிவதற்கு முன்னால் கார் கண்ணாடியில் இறுகிக்கிடக்கும் பனிக்கட்டியைச் சுரண்டும்போது விரல் நுனி மரத்துப்போகும் பாருங்கள், அப்போதுதான் எனக்குத் தீவு நினைப்பு வரும். நானும் கணவரும் இதுவரை மூன்று குளிர்காலங்களில் மூன்று சின்னக் கரீபியன் தீவுகளுக்குப் போயிருக்கிறோம். வரும் பிப்ரவரியில் அம்மாவும் கூட வருகிறார். 71 வயது, வலது முழங்காலில் வலி, முட்டைகூடச் சாப்பிடாத சைவம். பிறந்தது காரைக்கால் என்பதால் கடல் மீது பயம் மட்டும் கிடையாது. அவரை எங்கே கூட்டிப்போவது என்று ஒரு மாதம் வீட்டில் பேசி எடுத்த முடிவையும், அதற்கு வந்து சேர்ந்த வழியையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் உதவும்.

பெரிய ரிசார்ட் தீவுகளை நாங்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை. எங்களுக்கு வேண்டியது பத்து நாள் ஓய்வு. ஓய்வுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு, வண்டி எடுக்காமல், யாரையும் கேட்காமல், செருப்புகூடப் போடாமல் கடலில் கால் நனைக்க முடியுமா? முடியும் என்றால் அந்த நாளில் மற்றதெல்லாம் தானாக நடக்கும். முடியாது என்றால், எவ்வளவு அழகான தீவானாலும் காலைக் காபியோடு "இன்றைக்கு எங்கே போகலாம், சாவி எங்கே, பெட்ரோல் இருக்கா" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். விட்டுவிட்டு வந்த வேலையே மேல் என்று தோன்றும்.

தீவுகளுக்குப் போவதற்கு முன் கடலைப் பற்றிக் கொஞ்சம். புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஆகவே பிப்ரவரியில் புயல் பயம் இல்லை, மழையும் குறைவு, தண்ணீர் 26 டிகிரி அளவில் இதமாக இருக்கும். ஆனால் காற்று உண்டு. டிசம்பர் கடைசியிலிருந்து கிழக்கேயிருந்து வீசும் காற்று வலுக்கும். அங்கே அதற்குக் கிறிஸ்துமஸ் காற்று என்றே பெயர். பொதுவாக எந்தத் தீவை எடுத்தாலும் கிழக்குக் கரையில் அலை மோதும், மேற்குக் கரை பெரும்பாலும் ஏரி மாதிரி கிடக்கும். வாடகைக்கு வீடு எடுக்கும்போது விளம்பரப் படத்தில் கடல் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வரைபடத்தில் அந்த வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். இந்தக் காற்றுதான் தீவுக்குத் தீவு போகும் படகையும் ஆட்டும். முழங்கால் வலிக்காரரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

முதலில் பொனேர். 2024 பிப்ரவரியில் போனோம். வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் டச்சுத் தீவு இது. 2010-இலிருந்து நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. 2011-இலிருந்து புழங்குவது அமெரிக்க டாலர். தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும், கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, 1979-லேயே பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அதன் பலனை இன்றும் கண்ணால் பார்க்கலாம். கரையோரச் சாலையில் போனால் அங்கங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்று இருக்கும், அதில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு இறங்க வேண்டியதுதான், படகே தேவையில்லை. இருபது முப்பது அடி நீந்தினால் பவளப்பாறை தொடங்கிவிடும். கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்னும் சத்தம், கல்லில் கல் உரசுகிற மாதிரி, முகமூடி போட்டுத் தலையை அமிழ்த்திய உடனே காதில் விழும். கடலுக்குள் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

என் கணவர் ஸ்கூபா கற்றவர். அவருக்குப் பொனேர் சொர்க்கம். எனக்கு அங்கே ஓய்வு கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிக்கப் டிரக் வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும். காலையில் காற்றுச் சிலிண்டர் ஏற்ற வேண்டும், இன்றைக்கு எந்த மஞ்சள் கல் என்று முடிவு செய்ய வேண்டும். வண்டிக்குள் எந்தப் பொருளையும் விட்டுவிட்டுக் கடலில் இறங்காதீர்கள் என்று வாடகைக்குக் கொடுக்கும்போதே சொல்லி அனுப்புகிறார்கள். கரை பெரும்பாலும் உடைந்த பவளத்துண்டு. ரப்பர் காலணி இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. என் செருப்புச் சோதனையில் அங்கேயே தோற்றுவிட்டது. வெள்ளை மணல் வேண்டும் என்றால் எதிரே இருக்கும் க்ளைன் பொனேர் என்ற குட்டித் தீவுக்குப் படகில் போக வேண்டும். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, கடை இல்லை, தண்ணீரும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். நாங்கள் போனபோது ஆளுக்கு 75 டாலர் நுழைவு வரி, 40 டாலர் இயற்கைக் கட்டணம். கடலை அப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதால் அதைக் கொடுக்க எனக்கு மனக்குறை இல்லை. பவளத்துக்குக் கெடுதலான ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனையும் அங்கே தடை செய்திருக்கிறார்கள். புட்டியைத் திருப்பி ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற பெயர்கள் இல்லாததாக ஊரிலேயே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பொனேருக்குப் போகிறவர்கள் தெற்கே உப்பளத்துப் பக்கம் ஒரு மாலை போய்வாருங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் தேங்கிய உப்புநீர், அதில் நிற்கும் பூநாரைகள், மலைமலையாக வெள்ளை உப்பு என்று கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அதே சாலையில் 1850-இல் கட்டிய அடிமைக் குடிசைகளும் வரிசையாக நிற்கின்றன. வாசல் என் இடுப்பளவுதான். குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்துதான் உள்ளே போனேன். உப்பு வெட்டிய மனிதர்களை இதற்குள் படுக்க வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தபின் வெகுநேரம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. டச்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது 1863-இல்.

அடுத்தது டேர்-டு-ஓ. குவாதலூப்புக்குத் தெற்கே லே செய்ந்த் என்ற தீவுக்கூட்டத்தில் ஒன்று. பிரெஞ்சு மண், யூரோ நாணயம். ஒரு தெரு, ஒரு சர்ச், சிவப்புக் கூரை வீடுகள், சுற்றிலும் குன்று. டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியல் போய் அங்கிருந்து குவாதலூப்பின் புவாந்த்-அ-பீத்ருக்கு நேராகப் பறக்கலாம். பிறகு ஒரு மணி நேரம் காரில் தெற்கே த்ருவா-ரிவியேர் துறைக்கு. அங்கிருந்து படகு அரைமணிக்குள்.

அந்தக் கார்ப் பயணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காபெஸ்டேர் என்ற ஊரைத் தாண்டும் சாலையோரத்தில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே, நம் ஊர் வண்ணத்தில் ஒரு கோபுரம் எழும்பி நிற்கும். சான்ஷி மாரியம்மன் கோயில். முதல்முறை பார்த்தபோது கணவர் பிரேக் போட்டுவிட்டார். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் வந்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கிளம்பிய கப்பல்கள் அதில் பல. தமிழ் பேச்சு மறைந்துவிட்டது. மாரியம்மன் மாலியெமேன் ஆகிவிட்டாள். ஆனால் அம்மன் இருக்கிறாள். அந்த ஊரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்கும் போராட்டமுமாக நின்று ஜெயித்தவர். சாப்பாட்டுக் கடையில் கொலொம்போ என்று எழுதியிருப்பது மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் அரைத்த மசாலா போட்ட குழம்பேதான். காய்கறி போட்டதும் கேட்டால் செய்துதருவார்கள்.

டேர்-டு-ஓவில் தங்குவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. காலை ஒன்பது மணிவாக்கில் படகு படகாகப் பகல்நேரப் பயணிகள் வந்து இறங்குவார்கள். தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. மாலை நான்கு மணிப் படகில் அத்தனை பேரும் போய்விடுவார்கள். அதற்கப்புறம் ஊர் உங்களுடையது. பிள்ளைகள் துறையில் குதித்து விளையாடுவார்கள், வீட்டு வாசலில் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஆகவே ஒருநாள் பயணமாகப் போகாதீர்கள். போனால் நான்கு இரவாவது தங்குங்கள். படகை விட்டு இறங்கியதும் பெண்கள் கூடையில் விற்கும் தேங்காய்ப்பூரணம் வைத்த குட்டி கேக் கட்டாயம் வாங்குங்கள், காதல் வேதனை என்று பொருள்படும் பெயர் அதற்கு. அதில் முட்டை உண்டு என்பதால் அம்மாவுக்கு ஆகாது.

குளிப்பதற்கு பொம்பியேர் விரிகுடா. வாய்ப்பக்கம் பாறைகள் அரண் போல நிற்பதால் உள்ளே அலையே இல்லை. கரையில் ஆடும் கோழியும் மேயும். ஆனால் ஊரிலிருந்து குன்றேறி இறங்க வேண்டும், அல்லது மின்சார வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டும். கிழக்கே இருக்கும் கிராண்ட் ஆன்ஸ் பார்க்க அழகு; குளிக்கத் தடை, அலை அப்படி. குவாதலூப் கடற்கரை எதிலும் மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அதன் நிழலில் உட்காராதீர்கள். மான்சினீல் மரம் அது. சின்ன ஆப்பிள் மாதிரி காய்க்கும், காயும் பாலும் கொடிய விஷம். மழைக்கு ஒதுங்கினால் இலையிலிருந்து வடியும் நீர் பட்டே தோல் கொப்பளிக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முதல் நாளே காட்டிச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு: குவாதலூப் ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது விசா எல்லைக்குள் வராது, அதற்கென்று விசா பார்க்க வேண்டும்.

மூன்றாவது பெக்வே. செயின்ட் வின்சென்ட் அண்ட் கிரெனடீன்ஸ் என்ற நாட்டில், செயின்ட் வின்சென்ட் தீவுக்குத் தெற்கே, சுமார் 18 சதுர கிலோமீட்டர், ஐயாயிரம் பேர் வாழும் தீவு. 2017-இல் செயின்ட் வின்சென்டில் ஆர்கைல் விமான நிலையம் திறந்தபிறகுதான் டொராண்டோவிலிருந்து நேராகப் போக வழி வந்தது. நேர் விமானம் தினமும் கிடையாது. இறங்கியபின் தலைநகர் கிங்ஸ்டவுனுக்கு டாக்ஸி, அங்கிருந்து ஒரு மணி நேரப் படகு. 2023-இல் நாங்கள் போனபோது விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம், கடைசிப் படகு போய்விட்டது. முன்பதிவு செய்த வீடு அங்கே காலியாகக் கிடக்க, இங்கே கிங்ஸ்டவுனில் இருட்டில் அறை தேடினோம். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் படகுக்கு நேரம் இருந்ததால் 1765-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1793-இல் பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் வில்லியம் பிளை கப்பலில் கொண்டுவந்த சீமைப்பலாக் கன்றின் வழிவந்தது என்று சொல்லி ஒரு மரத்தைக் காட்டுவார்கள். அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடக் கொண்டுவந்த மரம், இன்றைக்கு அந்த நாட்டின் தேசிய உணவு. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1861 ஜூன் 1-இல் திருவாங்கூர் என்ற கப்பல் மதராஸிலிருந்து முதல் இந்தியத் தொழிலாளர்களை செயின்ட் வின்சென்டில் இறக்கியது. அந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

படகுப் பயணம் எப்படி இருக்கும் என்று உள்ளது உள்ளபடி சொல்கிறேன். கிங்ஸ்டவுன் துறையை விட்டு வெளியே வந்ததும் இடது பக்கத்திலிருந்து அலை தூக்கும். முன்னால் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, கோழிக்குஞ்சுப் பெட்டியை மடியில் வைத்திருந்த ஓர் உள்ளூர்ப் பாட்டி, பின்னால் கீழ்த்தட்டுக்குப் போங்கள், தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சைகை காட்டினார். அப்படியே செய்தோம். முக்கால் மணி நேரம் ஆட்டம்தான். பிறகு படகு மெல்லத் திரும்பி அட்மிரல்டி விரிகுடாவுக்குள் நுழைந்ததும், யாரோ கையை வைத்து அமுக்கியது மாதிரி அலை நின்றுவிட்டது. பாய்மரப் படகுகள் நூறுக்கு மேல் அசையாமல் நின்றன. அந்தப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அங்கிருந்து பத்து நாளும் நாங்கள் ஒரு வண்டியும் எடுக்கவில்லை. துறையிலிருந்து பெல்மான்ட் நடைபாதை நீரை ஒட்டியே போகிறது. அலை கொஞ்சம் எழும்பினால் கணுக்கால் நனையும். அது முடியும் இடத்தில் மரப்படி ஏறி இறங்கினால் பிரின்சஸ் மார்கரெட் கடற்கரை. அதற்கும் அடுத்தது லோயர் பே: நீண்ட மணல், பாதாம் மரநிழல், நான்கைந்து சின்னச் சாப்பாட்டுக் கடை. மரப்படி அம்மாவுக்கு ஆகாது. ஆனால் லோயர் பேயிலேயே வீடு எடுத்தால் படியே வேண்டாம், வாசலைத் தாண்டினால் மணல். ஊருக்குப் போக வேண்டும் என்றால் பின்பக்கம் பெஞ்ச் போட்டுக் கூரை வேய்ந்த பிக்கப்தான் டாக்ஸி. ஏறும்போது ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கும். துறை அருகே ராஸ்தாக்காரர்கள் (ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி மதத்தைப் பின்பற்றுகிறவர்கள்) நடத்தும் காய்கறிச் சந்தையில் சேனை, வாழை, பூசணி, சீமைப்பலா எல்லாம் கிடைக்கும். கூவிக் கூவி அழைப்பார்கள், பொருட்படுத்தாமல் நிதானமாக வாங்குங்கள். அவர்களில் பலர் சைவம் என்பதால் அம்மாவின் சாப்பாட்டை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்காது. கிழக்குக் கரீபியன் டாலர் 2.70-க்கு ஓர் அமெரிக்க டாலர் என்று பல்லாண்டுகளாக நிலையாக இருப்பதால் கணக்குப் போடுவதும் சுலபம். தண்ணீர் மட்டும் மழைநீர்த் தொட்டியிலிருந்து வருவது. குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் பழக்கம் அங்கே கூடாது.

பெக்வேயில் எனக்கு உறுத்துவது ஒன்று இருக்கிறது. சர்வதேசத் திமிங்கில ஆணையம் அந்த நாட்டுக்கு வருடத்துக்கு நான்கு கூனல் திமிங்கிலம் வரை பிடிக்க அனுமதித்திருக்கிறது. கைஈட்டியும் பாய்மரப் படகுமாகப் போகும் பழைய வழக்கம், பிப்ரவரியிலேயே அதற்கான காலம் தொடங்கிவிடும். அந்த மக்களின் வாழ்க்கையோடு பின்னிய வழக்கம் என்று புரிகிறது. என் மனம் ஒப்பவில்லை. போகிறவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2024 ஜூலையில் பெரில் புயல் இந்தத் தீவுக்கூட்டத்தைத் தாக்கியபோது யூனியன், மேரோ, கானுவான் தீவுகள் நொறுங்கின, பெக்வே ஓரளவு தப்பியது. தெற்குத் தீவுகளையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் தங்குமிடத்தின் நிலவரத்தை நேராகக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நாங்கள் போகாத இரண்டையும் பரிசீலித்தோம். சேபா என்ற டச்சுத் தீவைக் கணவர் சொன்னார். 13 சதுர கிலோமீட்டர், 400 மீட்டர் ஓடுபாதை, உச்சிக்கு ஆயிரத்துக்கு மேல் படி, நிலையான கடற்கரையே இல்லை. மலையேறுகிறவர்களுக்கு அருமை, எங்களுக்கு இப்போது இல்லை. நீவிஸ் அப்படித் தள்ளிவிட முடியாதது. செயின்ட் கிட்ஸில் இறங்கி ஒரு குட்டிப் படகில் சில நிமிடத்தில் கடந்துவிடலாம். 985 மீட்டர் மலை, அதன் அடியில் பழைய கரும்புத்தோட்ட மாளிகைகள், பின்னீஸ் கடற்கரை. சார்ல்ஸ்டவுன் அருகே வெந்நீர் ஊற்றில் ஊர்க்காரர்களோடு காலை நனைத்து உட்காரலாம், காசு கிடையாது. முழங்காலுக்கு இதைவிட என்ன வேண்டும்! அம்மாவின் வலி இன்னும் கூடினால், படகே வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், நீவிஸ்தான். ஆனால் நல்ல தங்குமிடங்கள் பலவும் மலைச்சரிவில், கடலுக்கு டாக்ஸி.

கடைசியில் போட்டி பெக்வேக்கும் டேர்-டு-ஓவுக்கும்தான். காரைக்கால் கப்பல் கதையைக் கேட்டதிலிருந்து அம்மா அந்தக் கோயிலை விடமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரிடமே கேட்டோம். "கோயிலுக்குப் போனா நின்னு நிதானமாக் கும்பிடணும். படகுக்கு நேரமாச்சுன்னு ஓடக் கூடாது. அதுக்குத் தனியா ஒரு தடவை வரலாம். இப்ப எனக்கு மணல்ல கால நீட்டி உக்காரணும்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

லோயர் பேயில் தரைத்தளத்தில் இரண்டு அறை எடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை படகு குறைவு என்பதால் வாரநாளில் பறக்கிறோம். இந்த முறை முதல் இரவுக்குக் கிங்ஸ்டவுனில் துறைக்குப் பக்கத்திலேயே அறை பதிவு செய்தாகிவிட்டது; விமானம் எப்போது வந்தாலும் மறுநாள் காலைப் படகுதான். இஞ்சி மரப்பா இரண்டு டப்பா வாங்கியாகிவிட்டது. கீழ்த்தட்டு, பின் பக்கம், வலது ஓரம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.